நூலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தியான இல்லத்துக்கு ஒரே ஒரு கார். மேலே உள்ள ஊர்களிலிருந்து நோயாளிகளை மருத்துவமனைக்கு இறக்கிக் கொண்டுவருவது அதன் வேலை. ஓட்டுபவர் எத்திராஜ். பழுது பார்ப்பவர் சபாநாயகம். ஆரணியில் ஜவுளிக்கடை வைத்திருந்து, கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த சீடர். குரு மங்கையர்க்கரசி அவரைவிடப் பல வயது இளையவர்.

அன்று காலை மலையிறங்கும்போது கார் இடப்பக்கம் ஒதுங்கித் தடுப்புச் சுவரில் உரசியது. உள்ளே ஒரு கர்ப்பிணி இருந்தார். யாருக்கும் காயமில்லை. திரும்பி வந்த எத்திராஜ் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"ஷாக் அப்சார்பர் மாத்தினதிலேருந்து ஸ்டியரிங்கை நேரா வெச்சா வண்டி இடது பக்கம் போகுது. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். சபாநாயகம் ஐயா நூலைக் கட்டி அளந்து, சக்கரம் நேராத்தான் இருக்குன்னு என்னைப் பொய்யனாக்கறார்."

சபாநாயகம் இலையை மூடிவிட்டு எழுந்தார். நேராகக் குருவிடம் போனார்.

"அம்மா, ஒண்ணு அவர் இங்க இருக்கணும். இல்ல நான் இருக்கணும்."

"சாப்பிட்டீங்களா?"

"எங்க இறங்குது? ஓட்டத் தெரியாதவர் வண்டிமேல பழி போடறார். துணி அளந்த கைம்மா இது. ஒரு விரக்கடை குறைச்சுக் கொடுத்ததில்லை."

"காட்டுங்க."

கொட்டகையில் சபாநாயகம் ஜாக்கி வைத்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினார். அடியில் புகுந்து நட்டுகளைப் பார்த்தார். இறக்கினார். பிறகு காரின் இரண்டு பக்கமும், சக்கர மையத்தின் உயரத்தில், நூலை விறைப்பாகக் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்புக்கு எவ்வளவு, பின்விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தார். எத்திராஜ் வாசலில் கைகட்டி நின்றார்.

"பாருங்கம்மா. முன்னாடியும் அதே அளவு, பின்னாடியும் அதே அளவு. சக்கரம் நேரா நிக்குது. நூல் எனக்குச் சொந்தக்காரன் இல்லை."

"அப்ப சுவத்துல உரசினது நானா?" என்றார் எத்திராஜ்.

"பின்ன, சுவரு நடந்து வந்து உரசிச்சா?"

குரு கேட்டார். "ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அளப்பீங்களா?"

"இம்மி மாறாம. தூக்குவேன், அடியில பார்ப்பேன், இறக்குவேன், அளப்பேன்."

"இறக்கினதுக்கும் அளக்கறதுக்கும் நடுவுல வண்டி நகருமா?"

"எதுக்கும்மா நகரணும்? அளக்கத்தானே நிறுத்தியிருக்கேன்."

குரு நூலை அவிழ்த்தார்.

"அவர் ஓடற வண்டியைப் பத்திச் சொல்றார். ரெண்டு பேரும் தள்ளுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தள்ளினார்கள். கார் வாசல்வரை உருண்டது. அடியில் ஏதோ இறுக்கம் விட்டதுபோல் முனகியது. முன்பக்கம் சற்றே தாழ்ந்து உட்கார்ந்தது. மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளிவந்தார்கள்.

"இப்ப அளங்க."

சபாநாயகம் நூலைக் கட்டி அளந்தார். இடச் சக்கரத்தின் முன்விளிம்பு நூலை நெருங்கியிருந்தது, பின்விளிம்பு விலகியிருந்தது. ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அளந்தார். அப்போதும் அப்படியே.

அவர் முகம் சிவந்தது.

"தூக்கி இறக்கினா டயர் தரையைக் கவ்விக்கிட்டுக் காலை விரிக்காம நிக்குது. உருண்டாத்தான் உட்காருது. இதை எவன் சொன்னான்? ஷாக் அப்சார்பர் வித்தவன் சொன்னானா? செல்போன்ல ரிப்பேர் பாடம் எடுக்கறானே, அவன் சொன்னானா? ஒருத்தனும் சொல்லலை."

"எத்திராஜ் சொன்னாரே."

"அவர் டயரைப் பத்தியா சொன்னார்?"

"வண்டி ஒதுங்குதுன்னு சொன்னார். வயித்துப் பிள்ளைக்காரியைப் பின்னாடி உட்கார வெச்சு, ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டிக்கிட்டே ஒரு மனுஷன் மலை இறங்கியிருக்கார். வந்து சொன்னவர்கிட்ட நீங்க நூலைக் காட்டியிருக்கீங்க."

குருவின் குரல் உயரவில்லை. ஆனாலும் எத்திராஜே தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம்வரை வேலை நடந்தது. சபாநாயகம் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மரையை ஒவ்வொரு முறை முறுக்கிய பிறகும் காரை உருட்டி அளந்தார். "தள்ளு" என்றபோது எத்திராஜ் தள்ளினார். வேறு பேச்சில்லை. கடைசியில் எத்திராஜ் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கீழே இறங்கி, "நேரா போகுது" என்று காரைப் பார்த்துச் சொன்னார்.

சபாநாயகம் கை கழுவிவிட்டுக் குருவின் முன் வந்து நின்றார்.

"சக்கரம் சரியாயிடுச்சும்மா. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா எல்லார் முன்னாடியும் என்னைப் பேசினது பேசினதுதான். என்னால அதை விழுங்க முடியலை. மத்தியானம் கேட்டதையே இப்பவும் கேக்கறேன். அவரா, நானா?"

குரு அவரைப் பார்த்தார்.

"நாளைக்கு வண்டி மலைக்கு மேல போகுது. அவர் பக்கத்து சீட்டுல உக்காந்து போயிட்டு வாங்க. வந்து இறங்கினப்புறம் கேளுங்க."