குடைக்காரன் சொன்ன விமர்சனம்

சினிமாவில் குடை பிடிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கதாநாயகன் ரதன்ராஜுக்கு அந்த ஆள் ஆவுடையப்பன். ரதன்ராஜோ ஆம்பளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிறேன் பேர்வழி என்று ‘முதுகெலும்புள்ளவன்’ என்றொரு படம் எடுத்திருந்தார். “எவன் நிழலிலும் நிற்காதே! மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லு!” என்று படம் முழுக்க உபதேசம்.

பத்திரிகைக்காரர்களுக்குப் படம் காட்டும் நாளன்று காலையில் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

“படம் முடிஞ்சதும் மைக்கை உன்கிட்ட கொடுப்பேன். புகழ்ந்து பேசணும். ஆனா ஜால்ரான்னு எவனாவது எழுதினான், நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே.”

படம் முடிந்தது. பாதிப் பேர் கொட்டாவியோடு எழுந்தார்கள். மைக் வந்தது.

“படம் மரண அறுவை சார்,” என்றான் ஆவுடையப்பன்.

ரதன்ராஜின் முகம் கறுத்தது.

“இதை உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் காலை வரைக்கும் எனக்குக் கிடையாது சார். உங்க படத்தைப் பார்த்துத்தான் வந்துச்சு.”

கைதட்டல் காதைப் பிளந்தது. இவனைத் துரத்தினால் உபதேசமெல்லாம் பொய்யாகிவிடும். ரதன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கட்டிப்பிடித்து, “இவன்தான் என் படத்தோட வெற்றி!” என்றார்.

வெளியே உச்சி வெயில். பழக்கதோஷத்தில் வாசலில் குடைக்காகக் காத்து நின்றார். கேமராக்கள் எல்லாம் திரும்பின. ஆவுடையப்பன் மடக்கிய குடையோடு பணிவாகக் கேட்டான்:

“விரிக்கட்டுமா சார்? எல்லாரும் பார்க்கிறாங்க.”

மேக்கப் வழிய வழிய, கார் வரைக்கும் நடந்தே போனார் முதுகெலும்புள்ளவர்.