மூங்கில்மேட்டுப் பந்தயத்துக்குப் போன நால்வர்

தட்... தட்... தட்... சரக்.

குழந்தைகளே, முள்ளிக்காட்டில் இருட்டிவிட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தச் சத்தம் கேட்டது. செவந்தி என்ற முயல் தன் குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு காதுகளை நிமிர்த்தினாள்.

குட்டியின் பெயர் பொட்டு. நெற்றியில் வெள்ளையாய் ஒரு புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்த இருபது நாளும் செவந்தி ஒழுங்காகக் கண்ணை மூடியதில்லை. இலை விழுந்தால் ஆந்தையோ என்பாள். ஆந்தை கத்தினால் நரியோ என்பாள்.

தட்... தட்... சரக்.

"யாரது?" என்றாள் செவந்தி. குரல் பாதிதான் வெளியே வந்தது.

"நாங்கதான்! செத்துப் போயிடாதே!"

புதரை விலக்கிக்கொண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. முன்னால் கீரி மாசிலாமணி. உட்காருவதற்கும் எழுந்திருப்பதற்கும்கூட ஒரு விதி வைத்திருப்பவர். அடுத்து சருகுமான் புள்ளியப்பன். முயலைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆனால் தன்னுடையதைப் போல அழகான கால்கள் உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவன். கடைசியில் கௌதாரி ரோசம்மா. காலைவிட வாய் வேகமாக ஓடும். மூவருக்கும் மூச்சு இரைத்தது.

"யாரைக் கண்டு இப்படி ஓடி வர்றீங்க?" என்றாள் செவந்தி.

"யாரையும் கண்டு இல்லம்மா, பழகுறோம்" என்றார் மாசிலாமணி. "வர்ற ஞாயிற்றுக்கிழமை மூங்கில்மேட்டில் ஓட்டப் பந்தயம். இருள் பிரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும். அதனால் இருட்டிலேயே பழகணும். அதுதான் விதி."

"நீயும் வாயேன்" என்றாள் ரோசம்மா. "நாலு பேராய்ப் போனால் கலகலன்னு இருக்கும். சனிக்கிழமை காலையில் கிளம்புறோம். ராத்திரி அங்கே தங்கல். விடிஞ்சா பந்தயம். சாயங்காலம் திரும்பிடலாம்."

"குட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கே வர்றது?"

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்னு கேளு முதல்ல! மூங்கில்மேட்டு ஓடைக்கரையில் ஒரு வருஷம் குடியிருக்கலாம். சுத்தி யானைங்க காவல். நரி கிடையாது, பூனை கிடையாது, பருந்துகூட வட்டம் போடாது."

செவந்தி குனிந்து பொட்டுவைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் பொட்டு வளர்ந்து பெரிய முயலாகிவிடுவாள். அதுவரைக்கும் எந்தச் சத்தத்துக்கும் காதை நிமிர்த்த வேண்டியதில்லை.

"பொட்டுவையும் தூக்கிட்டு வருவேன்" என்றாள்.

"தூக்கிட்டு வா. அழுதா ரோசம்மா கதை சொல்லுவா, தானாத் தூங்கிடும்" என்றான் புள்ளியப்பன்.

மறுநாளிலிருந்து நான்கு பேரும் சேர்ந்து பழகினார்கள். செவந்தி நன்றாகவே ஓடினாள். புள்ளியப்பனை இரண்டு தடவை முந்தினாள். அவன் காலில் முள் தைத்ததாகச் சொன்னான். ஓடுவதில் குறையில்லை; கேள்வி கேட்பதுதான் அவளிடம் ஓயவில்லை. போகிற வழியில் பொந்து உண்டா? தங்குகிற இடத்துக்கு எத்தனை வாசல்? ராத்திரியில் யார் முழித்திருப்பார்கள்?

"செவந்தி, நீ பந்தயத்துக்கு வர்றியா, திருடன் பிடிக்க வர்றியா?" என்றாள் ரோசம்மா. மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவந்திக்கு முகம் சுருங்கியது. அதற்குப் பிறகு பத்துக் கேள்வி தோன்றினால் ஒன்றைத்தான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாசிலாமணி எல்லாரையும் கூப்பிட்டு முக்கியமான விதியைச் சொன்னார்.

"இன்னைக்கும் நாளைக்கும் யாரும் ஓடக்கூடாது. துள்ளக்கூடாது. தாவக்கூடாது. நடை மட்டும்தான். காலில் இருக்கிற ஓட்டத்தை அப்படியே சேர்த்து வச்சு ஞாயித்துக்கிழமை மொத்தமா எடுக்கணும்."

"நரி வந்தா?" என்றாள் செவந்தி.

"வேகமா நட."

எல்லாரும் சிரித்தார்கள். செவந்தியும் சிரித்து வைத்தாள்.

பிறகு மூட்டை கட்டினார்கள். ரோசம்மா தினையும் எள்ளும் போதாதென்று, குளிப்பதற்குத் தன் வீட்டுப் புழுதியையும் ஒரு பொட்டலம் கட்டினாள். "மூங்கில்மேட்டில் புழுதி இல்லையா?" என்று கேட்டதற்கு, "அது எப்படிப்பட்ட புழுதியோ" என்றாள். புள்ளியப்பன் குளம்புக்குப் பூச மெழுகு எடுத்துக்கொண்டான். செவந்தி எடுத்தது அறுகம்புல் ஒரு கட்டு. புது இடத்துப் புல் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது?

சனிக்கிழமை கிளம்பினார்கள். ஓடினால் ஒரு நாழிகையில் போய்ச் சேருகிற தூரம். விதிப்படி நடந்ததால் பொழுது சாய்கிற நேரம் ஆகிவிட்டது. மூங்கில்மேட்டின் அடிவாரத்தில், தினைக்காவலுக்கு வந்தவர்கள் விட்டுப்போன ஒரு குடிசை இருந்தது. பலகைக் கதவு, ஒரே வாசல். அதுதான் தங்குமிடம்.

வாசலில் ஒரு காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துளசி மாலை. பக்கத்தில் எண்ணெய்ச் சிரட்டை. சுருட்டி வைத்த சீந்தில் கொடி.

செவந்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க, வாங்க! பந்தயத்துக்கு வந்த பிள்ளைங்களா?" என்றாள் பூனை. "நான்தான் பட்டம்மா. கால் வைத்தியம் பார்க்கிறவ. ஐயோ பாவம், எவ்வளவு தூரம் நடந்திருக்கு இந்தக் காலெல்லாம்!"

"அண்ணே, அது பூனை" என்று மாசிலாமணியின் காதில் சொன்னாள் செவந்தி.

"தெரியுது. பந்தயத்துக்கு வந்தவங்களை யாரும் தொடக்கூடாது. அது மூங்கில்மேட்டு வழக்கம்."

"அந்த வழக்கம் பூனைக்குத் தெரியுமா?"

"தெரியாமலா எண்ணெயும் கையுமா உட்கார்ந்திருக்கு? வா உள்ளே."

உள்ளே போனார்கள். பட்டம்மா முதலில் புள்ளியப்பனின் காலைத்தான் பிடித்தாள்.

"அடடா! இது காலா, சந்தனக் கட்டையா!"

அவ்வளவுதான், புள்ளியப்பன் நான்கு காலையும் நீட்டிவிட்டான். பட்டம்மா எண்ணெய் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் கொடியை எடுத்து நான்கு கால்களையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"இது எதுக்கு அக்கா?" என்றான் புள்ளியப்பன்.

"தூக்கத்தில் உதைச்சுக்குவோம் இல்லையா? அப்படியே பாதி ஓட்டம் வீணாப் போயிடும். கட்டிப்போட்டா ஒரு சொட்டு சிந்தாது. விடியக்காலையில் நானே அவிழ்த்து விடுவேன்."

மாசிலாமணிக்குக் கண்கள் பளபளத்தன. "இது எனக்குத் தோணாமப் போச்சே! இனிமே இதையும் விதியில் சேர்த்துடணும். எனக்குக் கட்டுங்க!"

'உதைப்பது பின்னங்கால்தானே, நான்கு காலையும் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்?' என்று செவந்திக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் சிரிப்பார்கள். கேட்கவில்லை.

மாசிலாமணி கட்டுப்பட்டார். அடுத்து ரோசம்மா. அவளுக்குக் காலோடு சிறகையும் சேர்த்துக் கட்டினாள் பட்டம்மா. 'சிறகை ஏன் கட்ட வேண்டும்? ரோசம்மா ஓடப்போவது காலால்தானே?' அதையும் செவந்தி விழுங்கிக்கொண்டாள்.

ரோசம்மா மட்டும் கட்டுக்குள் இருந்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். "போன வருஷம் யாரு யாருக்கு வைத்தியம் பார்த்தீங்க அக்கா?"

"ஒரு காடை, ரெண்டு அணில், கொழுகொழுன்னு ஒரு முயல்."

"யாரு முதல்ல வந்தாங்க?"

பட்டம்மா மூக்கை நக்கிக்கொண்டாள். "எனக்கு எல்லாருமே முதலிடம்தான், கண்ணு."

ரோசம்மா கடகடவென்று சிரித்தாள்.

"நீ வாம்மா" என்று பட்டம்மா செவந்தி பக்கம் திரும்பினாள். பிறகு அவள் பார்வை கீழே, பொட்டுவின்மேல் போய் நின்றது. "இரு, முதல்ல குட்டிக்குக் கட்டிடுறேன். சின்னதுதானே, ரெண்டு சுத்து போதும்."

செவந்தி பொட்டுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தாலும் சரி, இந்தக் கேள்வியை விழுங்க அவளால் முடியவில்லை.

"என் குட்டி பந்தயத்தில் ஓடப் போறதில்லையே. அவளுக்கு எதுக்குக் கட்டு?"

பட்டம்மாவின் வால் நுனி இப்படியும் அப்படியும் அசைந்தது.

"எதுக்குன்னா... துள்ளி விளையாடி உன் தூக்கத்தைக் கெடுக்கும் பாரு, அதுக்குத்தான்."

"செவந்தி, வைத்தியர்கிட்ட இப்படியா பேசுறது?" என்றார் மாசிலாமணி. ஆனால் ரோசம்மா சிரிக்கவில்லை. புள்ளியப்பன் தன் கட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை.

வாசலுக்கும் செவந்திக்கும் நடுவில் பூனை. பொட்டுவைக் கவ்விக்கொண்டு ஒரே தாவில் வெளியே போய்விடலாம். செவந்தியின் கால்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. ஆனால் மற்ற மூன்று பேரும் விறகுக் கட்டைபோலக் கிடக்கிறார்கள்.

செவந்தி பின்னங்கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதான் அக்கா. என் காலைப் பாருங்க, எவ்வளவு நீளம். எனக்கும் குட்டிக்கும் சேர்த்துக் கட்டக் கொடி பத்துமா?"

பட்டம்மா பார்த்தாள். கையில் ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது.

"ஒண்ணும் அவசரமில்லை அக்கா. வர்ற வழியில் வேப்பமரத்தில் நிறைய படர்ந்திருந்தது. அறுத்துட்டு வாங்க. நான் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

பட்டம்மா யோசித்தாள். கட்டாத முயலை விட்டுவிட்டு எப்படிப் போவது? மூன்று பேர் கிடைத்தாயிற்று. ஆனால் முயலும் கொழுகொழுவென்று இருக்கிறது, குட்டியோ வெண்ணெய்.

"நான் போனதும் நீ ஓடிட மாட்டியே?" என்று சிரித்தாள்.

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னம்மா பேச்சு இது? பந்தயத்துக்கு முன்னாடி எங்க கூட்டத்தில் ஒருத்தரும் ஓடமாட்டாங்க. ரெண்டு நாளாய்ப் பத்தடிகூட யாரும் ஓடலை. வேணும்னா எங்க காட்டில் வந்து விசாரிச்சுப் பாருங்க!"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால் பட்டம்மா நம்பிவிட்டாள். எழுந்து சோம்பல் முறித்து, வேப்பமரத்தைப் பார்த்து நடந்தாள்.

பூனை வாசலைத் தாண்டிப் பத்தடி போகட்டும் என்று செவந்தி காத்திருந்தாள். பிறகு பின்சுவர்வரை போய் நின்றுகொண்டாள். திறந்து கிடந்த கதவு கனமான பலகை. தள்ளிப் பார்த்தால் நகராது. ஓடிவந்து மோதினால்தான் நகரும்.

"செவந்தி! ஓடாதே! விதி!" என்று கத்தினார் மாசிலாமணி.

செவந்தி ஓடினாள்.

பலகை மண்ணில் உராய்ந்து கரகரவென்று நகர்ந்தது. அந்தச் சத்தத்துக்குப் பூனை திரும்பிப் பார்த்தாள். மறுகணம் கொடியும் துளசி மாலையும் ஒரு பக்கம் பறக்க, பாய்ந்து வந்தாள். கதவு நாலு விரல் இடைவெளியில் சிக்கி நின்றுவிட்டது. அந்தச் சந்தில் ஒரு கை நுழைந்தது. இதுவரை உள்ளே மடக்கி வைத்திருந்த நகங்கள் அத்தனையும் வெளியே நீண்டிருந்தன.

"அம்மா!" என்றாள் பொட்டு.

செவந்தி முதுகைத் திருப்பி இரண்டு பின்னங்கால்களாலும் ஓங்கி உதைத்தாள். பூனை அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். கதவு மூடியது. உடனே வெளியிலிருந்து மோதல். பலகை அதிர்ந்தது.

"அண்ணே, கதவோரமா உருளுங்க! முட்டுக் கொடுங்க!"

"காலைத்தான் கட்டியிருக்கே!"

"உருளக் கால் எதுக்கு?"

மாசிலாமணி உருண்டார். புள்ளியப்பனும் உருண்டு வந்து அவர்மேல் இடித்துக்கொண்டு கிடந்தான். ரோசம்மாவையும் அவளுடைய புழுதிப் பொட்டலத்தையும் சேர்த்தே செவந்தி முகத்தால் தள்ளிக் கதவடியில் வைத்தாள்.

வெளியே மோதல் நின்றது. பிறகு பழைய குரல் கேட்டது, தேன் ஒழுக.

"கண்ணு, காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சு போல. திற. குட்டிக்குன்னு மெல்லிசா ஒரு கொடி பார்த்துக் கொண்டு வந்திருக்கேன்."

"நம்பாதே செவந்தி" என்றாள் ரோசம்மா. அவள் வாயிலிருந்து அத்தனை சின்னக் குரலை யாரும் கேட்டதில்லை.

தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. செவந்தி மாசிலாமணியின் முதுகில் ஏறினாள்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"ஏறு, ஏறு. பேசாமல் ஏறு."

நெடுநாள் யாரும் தொடாத மரத் தாழ்ப்பாள். முதலில் தள்ளியபோது அசையவில்லை. இரண்டாவது தடவை பாதி நகர்ந்து நின்றது. வெளியே நகம் பலகையைப் பிராண்டியது. செவந்தி நெற்றியைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். தாழ்ப்பாள் அடிவரை போய் உட்கார்ந்துகொண்டது. செவந்தி கீழே இறங்கி, மாசிலாமணியின் கட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கொடியாகக் கடித்து அறுத்தாள்.

நீதி: பிறர் சிரிப்பார்களே என்று, கேட்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிடாதே.