கஸ்பாரின் படம்

“இனிமே மௌஸைத் தொட மாட்டேன் டீச்சர். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

பேச்சிமுத்து இதை வாசலில் நின்றபடியே சொன்னார்.

ஹசீனா திரும்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் படம் வடிவமைக்கக் கற்றுக்கொடுப்பவள் அவள். வயதில் அவரைவிடப் பதினைந்து வருஷம் இளையவள். எட்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவளிடம் வந்து மாணவனாக உட்காருகிறவர் அவர். மற்ற நாளெல்லாம் தூத்துக்குடி உப்புக் கம்பெனி ஒன்றில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை.

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஒரே ஆள் அவர்தான்.

பள்ளிக்கூடத்தில் பிடித்த பழக்கம் அது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவர்கள் பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பூப்போட்ட துணியில் உறை, ஏசி வைத்த அறை, வாசலில் வாட்ச்மேன். மனுஷனுக்குக்கூட அந்த ஊரில் அவ்வளவு மரியாதை கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி. பேச்சிமுத்துவுக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் கஸ்பார். இவன் கட்டம் கட்டமாகக் கப்பல் வரைவான், அவன் நிறம் சொல்வான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவே இல்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், தலை நரைத்த பிறகும் பேச்சிமுத்து ஆசைக்காகப் படம் செய்துகொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், மாதா கோயில் திருவிழாப் போஸ்டர் என்று யார் கேட்டாலும் செய்து கொடுத்தார். எதைச் செய்தாலும் முதலில் பார்த்துக் குறை சொல்கிறவன் கஸ்பார்தான்.

“அந்த மஞ்சளைக் கொறைலே. கண்ணு கூசுது.”

கஸ்பார் போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான்.

“நாளைக்கு முப்பதாம் நாள் பூசை டீச்சர். வீட்டுல மாட்டுறதுக்கு ஒரு படம் வேணும்னு அவன் பொண்டாட்டி அமலி கேட்டுச்சு. பத்துத் தடவை செஞ்சு குடுத்துட்டேன். பத்துத் தடவையும் ஒரே வார்த்தைதான் சொல்லுது.”

“என்ன சொல்லுதாங்க?”

“‘நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா இது அவிய இல்ல’ன்னு சொல்லுது.”

மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் செஞ்சேன். அவனுக்கு ஒரு படம் செய்ய எனக்குத் துப்பில்லை. அப்புறம் எதுக்கு இந்த ஆசை, சொல்லுங்க?”

ஹசீனா ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது.

“படத்தைக் காட்டுங்க.”

பத்தாவது படத்தைத் திறந்து காட்டினார். வெள்ளைச் சட்டை, இளநீலப் பின்னணி, நேர்கொண்ட முகம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

“இதை எந்தப் படத்துல இருந்து எடுத்தீங்க?”

“போன வருஷம் எங்க வீட்டுல வச்சு என் மக போன்ல எடுத்தது. இருங்க, காட்டுதேன்.”

“வேண்டாம். எதை எதைத் திருத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

வேலையைப் பற்றிக் கேட்டதும் அந்தத் துக்கத்திலும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“அவன் நின்னான், பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். என்னை வெட்டி எடுத்தேன். மாலை போடுற படத்துல உசுரோட இருக்கறவன் இருக்கக் கூடாதுல்லா?”

“சரி.”

“சட்டையில எண்ணெய்க் கறை இருந்தது. அதை அழிச்சேன். முன்பல்லு இடைவெளியை அப்படியே விட்டுட்டேன், அது அவன் அடையாளம். நரையையும் தொடலை.”

“அப்புறம்?”

“வலது தோள் இறங்கிக் கெடந்தது. தலையும் அந்தப் பக்கமாச் சாஞ்சு, பார்க்கவே கோணலா இருந்தது. ரெண்டையும் நிமிர்த்தி நேராக்கினேன். அதான் டீச்சர் பெரிய வேலை. முழுசா ரெண்டு நாள் ஆச்சு.”

ஹசீனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் இறங்கிக் கெடந்தது?”

“எது?”

“தோள்.”

பேச்சிமுத்துவின் கை தானாக எழுந்து தன் தோள்மேல் போய் நின்றது. முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே இன்னொரு கை இருந்தது. போன மாதம்வரை இருந்தது.

கஸ்பாரின் அடக்கத்தின்போது அழாத மனுஷன், மத்தியான வெயிலில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே விம்மி விம்மி அழுதார்.

ஹசீனா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தார். இரண்டு நாள் வேலையை ஒவ்வொன்றாக அழித்தார்.

மறுநாள் காலை, பூசைக்குக் கிளம்பி நின்ற அமலியிடம் சட்டம் போட்ட படத்தை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தபடி நின்றார். வழக்கமான அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

அமலி படத்தை வாங்கினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். தோள் இறங்கி, தலை சாய்ந்து, கஸ்பார் மட்டும்தான் இருந்தான். மார்புக்குக் கீழே படம் முடிந்துவிட்டது. கை இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“அண்ணே,” என்றாள். “உங்க தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்காவ.”