தாளிக்காத வீடு

செவத்தியானுக்கு நிமோனியாக் காய்ச்சல். ஊர் ஆஸ்பத்திரியில் படுத்து நாலு நாளாகிறது. போன வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்தார். இனி ரத்தத்தில் கொழுப்பு ஏறவே கூடாது என்று தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். தின்றால் கால் உளைகிறதாம். அதனால் அந்த மாத்திரையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அன்று காலை ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. கொழுப்பு பாதிக்குப் பாதி இறங்கியிருந்தது. சர்க்கரை ஏறியிருந்தது.

பயிற்சி டாக்டர் இசக்கிராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாம், சர்க்கரைக்கு ஆயுசுக்கும் மாத்திரை தொடங்கலாம் என்று சீட்டு எழுதிக்கொண்டு டாக்டரம்மா மங்கையர்க்கரசியிடம் கையெழுத்துக்கு ஓடினான்.

அவர் ஒரு பிள்ளைக்குத் தொண்டை பார்த்துக்கொண்டிருந்தார். இவன் காலை மாற்றி மாற்றி நின்றான். வார்டுக்கும் அறைக்குமாக இரண்டு தடவை போய்வந்தான். போகும்போதெல்லாம் செவத்தியான், மாத்திரை அட்டையைக் குப்பையில் போடலாமா, இல்லை இன்னும் காத்துக் கிடக்கணுமா என்று பிடுங்கினார்.

"மேடம், தாள்ல தெளிவா இருக்கே. இன்னும் என்ன யோசனை?"

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். சீட்டைக் கவிழ்த்து வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பச்சைக் கதவு வீட்டில் மாசத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கேட்டு வரச் சொன்னார்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று முனகிக்கொண்டே வெயிலில் நடந்தான். நடந்தான் என்ன, ஓடினான்.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வீட்டுப் பிள்ளைக்கு அம்மை. உள்ளே வராதீர்கள் என்று தாய் கை காட்டினாள். அங்கேயே நின்று கேட்டான். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது, தாளித்தே ஏழு நாளாயிற்று என்றாள். மூணு மாசத்துக்கு ஆகிற மஞ்சள் இந்த ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டதாம்.

அவன் பேனாவை எடுத்து, 'எண்ணெய் இல்லை, மஞ்சள் அதிகம்' என்று எழுதினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதையா எழுதுதீய? நல்ல ஆளுதான். அம்மை இறங்கி, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தட்டும். பொறவு வாங்க. அப்பளமும் வடையுமா எங்க வீட்டுல எண்ணெய் போற போக்கைப் பாப்பீய."

எழுதியதை அடித்துவிட்டு, போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"எவ்வளவாம்?" என்றார் டாக்டரம்மா.

"அம்மை வீடு மேடம். இப்பக் கேட்டு என்ன தெரியும்? தண்ணி ஊத்தின பிறகுதான் போகணும். அது கிடக்கட்டும், செவத்தியான் அட்டையும் கையுமா உக்காந்திருக்கார். நான் என்னன்னு சொல்ல?"

டாக்டரம்மா கவிழ்த்து வைத்த சீட்டைக் கையெழுத்துப் போடாமலே அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அவருக்கும் காய்ச்சல் இறங்கி இன்னும் தண்ணி ஊத்தலன்னு சொல்லு."