காற்றை மிஞ்சிய குதிரை

நெற்களஞ்சியம் தீப்பற்றி ஒரு நாழிகைதான் ஆகியிருந்தது. அதற்குள் தளபதி வயிரமேகன் அரசவைக்குள் பாய்ந்து வந்தான். குதிரை லாயத்தில் புல் போடும் காத்தாயியைத் தரதரவென்று இழுத்து வந்தான்.

"தீ வைத்தவள் இவள்தான், அரசே! நான் எல்லைக் கோட்டையில் இருந்தேன். புகையைப் பார்த்ததும் குதிரை ஏறியவன், இங்கே வந்துதான் இறங்கினேன். களஞ்சிய வாசலில் இவள் தீப்பந்தத்தோடு ஓடினாள்!"

அவை திடுக்கிட்டது. அரசர் கர்ஜித்தார். "இல்லையென்று இப்போதே நிரூபி. முடியாவிட்டால் உன் தலை உருளும்!"

காத்தாயி அழவில்லை. "என் தலை கிடக்கட்டும், மகாராஜா. முதல்ல தளபதியோட குதிரைக்குப் பரிசு கொடுங்க."

"குதிரைக்கா?"

"கோட்டை இங்கேருந்து ரெண்டு காதம். உங்க பட்டத்துக் குதிரையே வந்து சேர நாலு நாழிகை ஆகும். இது ஒரே நாழிகையில வந்திருக்கு. நாலு மடங்கு வேகம்! உடம்புல ஒரு சொட்டு வேர்வைகூட இல்லை."

களஞ்சியத்துச் சாவி தளபதியிடம்தான் இருந்தது என்பது அரசருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் வெளிறியது.

"வயிரமேகா, கோட்டைக்குப் போய் வா. இரண்டு நாழிகை தருகிறேன்."

தளபதி ஓரடி பின்வாங்கினான்.

"கிளம்புங்க சாமி" என்றாள் காத்தாயி. "விடியக்காலையில லாயத்துல நான் போட்ட புல்லை உங்க குதிரை இப்பதான் தின்னு முடிச்சிருக்கு."