பாயசம் கீழே இருக்கிறது

மொட்டைப்பனையூரில் மூளை இல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. இருக்கிற மூளையைச் செலவழித்துவிட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது என்று பத்திரமாக வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அப்படி வைத்திருந்தவர்களில் மூன்று பேர் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு மாடியில் இணையப் பக்கம் செய்து கொடுக்கும் கடை போட்டார்கள். குற்றாலிங்கம் முதலாளி. ஆவுடையும் சொரிமுத்துவும் கூட்டாளிகள்.

குற்றாலிங்கத்துக்குச் சமையல் காண்டிராக்டர் சங்கரபாண்டியனின் மகள் கோமதிமேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான். பெண் கேட்கப் போனபோது சங்கரபாண்டியன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என் சமையலுக்கு ஒரு பக்கம் செய்யணும். மேல பிள்ளையார் இருப்பாரு, கீழ போன் நம்பர் இருக்கும். ரெண்டும் அசையக் கூடாது. நடுவுல சாப்பாட்டுப் பட்டியல் மட்டும் ஓடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சா தட்டு மாத்திக்கிடலாம். முடியலைன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்கிடுதேன்."

குற்றாலிங்கம் அன்று சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தான். பட்டியலை அப்படியே போட்டதும் பக்கம் நீண்டுகொண்டே போய், போன் நம்பர் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. அதைத் தேடிக் கீழே போனால் பிள்ளையார் மேலே போய்விட்டார்.

"சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு," என்று ஆவுடை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அடுத்து, நடுவில் சின்னதாக ஒரு கட்டம் கட்டிப் பட்டியலை அதற்குள் போட்டார்கள். கட்டம் சின்னது, பட்டியல் பெரியது. மிச்சமெல்லாம் வெளியே வழிந்து, வத்தக்குழம்பு நேராகப் போன் நம்பர்மேல் நின்றது. சொரிமுத்து ஈரத்துணி கொண்டுவந்து திரையை அழுந்தத் துடைத்தான். போகவில்லை.

"எண்ணெய் கூடுதலா ஊத்திருக்காக. அதான் போக மாட்டேங்குது," என்றான்.

கடைசியில் மதுரையில் இதே தொழில் செய்யும் நண்பனுக்குப் போன் போட்டார்கள். அவன் நிரலில் சேர்க்க ஒரே ஒரு வரி சொன்னான். அதை எழுதியதும் வழிந்ததெல்லாம் கட்டத்துக்குள் அடங்கியது. மவுஸை உருட்டினால் இட்லி மேலே போனது, பூரி வந்தது. பிள்ளையாரும் நம்பரும் அசையவில்லை. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சொரிமுத்துவுக்கு ஒரு கவலை வந்தது.

"மேல போன இட்லி எங்கல போகுது?"

மூவரும் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். அங்கே இட்லி இல்லை.

"அப்ப உருட்ட உருட்டத் தீந்துரும்," என்றான் ஆவுடை. "நாமளே உருட்டித் தீத்துட்டா மாமா வந்து எதைப் பாப்பாரு?"

குற்றாலிங்கம், மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும் என்று மவுஸைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சங்கரபாண்டியன் வந்தார். பூரி, பொங்கல், வடை தெரிந்தன.

"பாயசத்தைக் காணோமே, எங்க?"

"கீழ இருக்கு மாமா. தள்ளினா வரும்."

"அப்ப தள்ளு."

குற்றாலிங்கம் அரைஞாண் கயிற்றுச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்பத் தள்ளினா தீந்துரும் மாமா," என்றான் சொரிமுத்து.

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். கோமதி கையை விட்டுப் போகிறாள் என்று குற்றாலிங்கத்துக்குப் புரிந்தது. பீரோவைத் திறந்து மவுஸை எடுத்து மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே உருட்டாக உருட்டினான். கண்ணைத் திறந்தால், எதிரே பாயசம்.

சங்கரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் மொட்டைப்பனையூர்க்காரர்தானே. "இத்தனூண்டு இடத்துல எல்லாத்தையும் அடக்கிட்டீகளே மாப்ளே. நம்ம மண்டபமும் சின்னதுதான். கல்யாணத்தையும் இப்பிடியே நடத்திருவோம்."

அப்படியே நடந்தது. முன்னால் மணமேடை, பின்னால் பந்தி. இரண்டும் அசையவில்லை. நடுவில் ஜனங்கள் மட்டும் முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் வெளியேறி ஓடிக்கொண்டே இருந்தார்கள். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குற்றாலிங்கம் மேடையிலிருந்து இறங்கினான். ஓட்டம் சரியாகத்தான் இருந்தது. அவனையும் பின்வாசல் வழியாகத் தெருவில் கொண்டுபோய் விட்டது.

மாலையும் கழுத்துமாக முன்வாசலுக்கு ஓடினான். வரிசை தெருமுனைவரை நின்றது.

"நான்தாங்க மாப்பிள்ளை. கொஞ்சம் வழி விடுங்க."

"வரிசையில வாங்க தம்பி," என்றார் முன்னால் நின்ற பெரியவர். "நாங்க எல்லாரும் மாப்பிள்ளையைப் பாக்கத்தான் நிக்கோம்."

நியாயமாகப் பட்டதால் கடைசியில் போய் நின்றான். உள்ளே மைக்கில் ஐயரின் குரல் கேட்டது. "நேரம் ஆறது. மாப்பிள்ளை எங்கே?"

"கீழ இருக்காரு சாமி," என்றார் சங்கரபாண்டியன் நிதானமாக. "தள்ளினா வந்துருவாரு."

"ரொம்பத் தள்ளாதீக மாமா," என்று சொரிமுத்து பதறுவதும் கேட்டது. "மாப்பிள்ளை தீந்துருவாரு."

குற்றாலிங்கம், கோமதிக்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டுமே என்று, பின்னால் வந்து நின்றவரை முன்னே போகச் சொல்லிவிட்டு, தான் ஒதுங்கி நின்றுகொண்டான்.