கோபுரத்தில் ஏறாத கறுப்புக்கொடி

ஆங்கில நாட்டில் அரசர்களின் தனி அதிகாரம் பாராளுமன்றத்தின் கைக்குப் போய்ச்சேர நூற்றாண்டுகள் பிடித்தன. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. என் கதையில் ஒரே பகலில் போய்விடுகிறது. இதில் வரும் அரசன் ஆல்ரிக்கைச் சரித்திரப் புத்தகத்தில் தேடாதீர்கள். நான் இட்டுக்கட்டிய ஆள் அவன்.

அவன் நாட்டில் ஒரு வழக்கம். அரசன் சபைக்குப் போனால், அவன் பத்திரமாகத் திரும்பும்வரை சபை உறுப்பினர் ஒருவர் அரண்மனையில் பிணையாக இருக்கவேண்டும். அன்று பிணையாகப் போனவர் ஹியூ. சபாநாயகர் வில்ஃப்ரெடின் கூடப்பிறந்த அண்ணன்.

கிளம்பும்போது அரசன் தன் காவல் தலைவன் ரோலண்டிடம் ஓர் ஆணையை நீட்டினான். "நான்கு மணி அடித்தும் நான் திரும்பாவிட்டால் ஹியூவின் தலையை வெட்டு. வெட்டியதும் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்று. சபை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்."

சபையில் ஒரு சட்டம் அவன் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. சபையின் சம்மதமில்லாமல் இனி அரசன் யாரையும் சிறையிடவோ கொல்லவோ கூடாது என்றது அது.

"என் பாட்டனார் யாரைக் கேட்டுத் தலைகளை வெட்டினார்?" என்று சிரித்தான் அரசன்.

வில்ஃப்ரெட் எழுந்துபோய் வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும், மன்னரே."

"திறக்கவே வேண்டாம். நான்கு மணிக்கு ஜன்னலைப் பாரும்," என்ற அரசன் கறுப்புக்கொடி விஷயத்தையும் சொன்னான். வில்ஃப்ரெட் ஜன்னல் வழியே ஒருமுறை கோபுரத்தைப் பார்த்தார். ஆனாலும் அவர் கை சாவியிடம் போகவில்லை. அரசன் கையோடு கொண்டுவந்திருந்த ரொட்டியை நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினான்.

சபைக்கதவு பூட்டிய சேதி அரண்மனைக்கு வந்ததும் ரோலண்ட் ஹியூவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னான்: "ஐயா, கதவைத் திறக்கச் சொல்லி உங்கள் தம்பிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆள் அனுப்புகிறேன்."

"எழுதமாட்டேன்," என்றார் ஹியூ.

ரோலண்ட் அதுவரை பத்தொன்பது தலைகளை வெட்டியவன். ஒவ்வொரு முறையும் ஆணையில் எழுதியிருக்கும் குற்றத்தை உரக்க வாசித்த பிறகே வாளை ஓங்குவான். பழைய அரசர்கள் ஏற்படுத்திய முறை அது. நான்கு மணி அடிக்கத் தொடங்கியது. ஆணையைப் பிரித்தான். பெயர் இருந்தது, நேரம் இருந்தது, முத்திரையும் இருந்தது. குற்றம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மறுபடி வாசித்துப் பார்த்தான். வெட்டாவிட்டால் தன் தலை போகும் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் வாளை உறைக்குள் செருகிவிட்டான்.

சபையில் எல்லாருடைய கண்ணும் ஜன்னலில். நாலாவது மணியும் ஓய்ந்தது. கொடி ஏறவில்லை. கால்மணி நேரம் போயிற்று, அரைமணியும் போயிற்று. அரசன் கையிலிருந்த ரொட்டியை மேசைமேல் வைத்தான். பிறகு பேனாவைக் கேட்டான்.

மறுநாள், அரசனின் அதிகாரத்தை அடக்கியவருக்குச் சபைக்கதவின் சாவியைப் பரிசாகத் தருவதென்று சபை முடிவு செய்தது. அண்ணன் உயிரே போகும் என்று தெரிந்தும் கதவைத் திறக்காதவர் வில்ஃப்ரெட். தன் உயிருக்காக ஒரு வரிகூட எழுதாதவர் ஹியூ. விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்து, ஆணையை மீறியவன் ரோலண்ட். சொல்லுங்கள், சாவி யார் கைக்குப் போகவேண்டும்?

விடை: ரோலண்டின் கைக்குத்தான். பூட்டிய கதவுக்குள் அரசன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பூட்டு அவனை அசைக்கவில்லை. ஹியூவின் துணிச்சல் அவனுக்குத் தெரியவே தெரியாது. கொடி ஏறாமல் போன பிறகுதான் பேனாவைக் கேட்டான். குற்றமில்லாமல் தன் சொல்லுக்காக மட்டும் வெட்ட இனி ஆளில்லை என்று அந்த அரைமணியில் அவனுக்கு உறைத்துவிட்டது. ரோலண்ட் மீறியது ஓர் அரசனின் ஆணையை. காப்பாற்றியது அத்தனை அரசர்களும் வைத்திருந்த முறையை.

சாவியை வாங்கிக்கொண்டு ரோலண்ட் சபையைப் பார்த்துக் கேட்டான்: "நாளைக்கு நீங்கள் ஒருவரை வெட்டச் சொன்னால், குற்றத்தை எழுதித் தருவீர்களா?"

முந்தின நாள் குற்றம் எதையும் எழுதாமலே அரசனை உள்ளே வைத்துப் பூட்டிய சபை அது.